கும்பநாட்டுக்குக் குழந்தைகள் வருகிறார்கள்

திருவல்லாவில் ரயிலை விட்டு இறங்கி கோழஞ்சேரி பஸ் பிடித்தால் அரை மணி நேரத்தில் கும்பநாடு. பம்பை ஆறு இன்னும் சில கிலோமீட்டர் தள்ளி. ஜன்னலோரம் உட்கார்ந்து வருபவர் கண்ணில் முதலில் படுவது வங்கிகள். அப்புறம் ரத்தப் பரிசோதனை நிலையங்கள். அதற்கும் அப்புறம் வீடுகள்: இரண்டு மாடி, முன்புறம் தூண்கள், வண்ணம் மங்காத இரும்புக் கேட், கேட்டில் பூட்டு. முற்றத்து மாமரத்தடியில் சருகு சேர்ந்து கிடக்கிறது. கூட்டுவதற்கு வாரத்துக்கு ஒருமுறை ஆள் வரும்.

பத்தனம்திட்டா மாவட்டத்தின் இந்தச் சிற்றூர் 2023 மார்ச்சில் பிபிசி செய்தியில் இடம்பெற்றது. கும்பநாட்டையும் சுற்றியுள்ள சில கிராமங்களையும் சேர்த்து மக்கள்தொகை சுமார் 25,000. வீடுகள் 11,118. அவற்றில் 15 சதவீதம் பூட்டிக் கிடக்கின்றன என்றது அந்தச் செய்தி. ஒரு கிலோமீட்டர்கூட இல்லாத தூரத்துக்குள் எட்டு வங்கிக் கிளைகள், 30-க்கு மேற்பட்ட பரிசோதனை நிலையங்கள், மூன்று முதியோர் இல்லங்கள். ஊர் எதில் செழிப்பாக இருக்கிறது, எதில் வறண்டுவிட்டது என்பதை அந்தப் பட்டியலே சொல்லிவிடுகிறது.

வறட்சி பள்ளிக்கூடத்தில்தான். 1980-களின் இறுதிவரை சுமார் 700 பிள்ளைகள் படித்த அரசுப் பள்ளியில் 2023-ல் இருந்தவர்கள் 50 பேர். ஏழாம் வகுப்புதான் இருப்பதிலேயே பெரிய வகுப்பு. அதில் ஏழு பேர். ஆசிரியர்கள் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைத் தேடினார்கள். கிடைத்த பிள்ளைகளை ஆட்டோவில் அழைத்து வர ஒவ்வொருவரும் மாதம் 2,800 ரூபாய் தங்கள் கையிலிருந்து போட்டார்கள். தனியார் பள்ளிகளும் ஆள் அனுப்பித் தேடும் நிலைதான்.

இப்படிப்பட்ட ஊரில் டிசம்பர் வருகிறது. அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் பத்து நாள் விடுமுறை. மலையாளத்தில் விடுமுறைக்கு ‘அவதி’ என்று பெயர். ‘கிறிஸ்துமஸ் அவதி’ என்ற அறிவிப்பைப் பார்க்கும் தமிழருக்கு முதலில் சிரிப்பு வரும். முதியோர் இல்லத்தில் ஒரு டிசம்பரைக் கழித்தவருக்கு அந்தச் சிரிப்பு சற்றுக் குறையலாம்.

ஏனென்றால் அந்தப் பத்து நாளில்தான் எல்லோரும் வருகிறார்கள். ஞாயிறு வேதப்பள்ளிப் பிள்ளைகள், தேவாலய இளைஞர் அணி, நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாமுக்கு வந்த மேல்நிலைப் பள்ளி மாணவர்கள், வங்கி ஊழியர்கள், சேவைச் சங்கங்கள். மேற்பார்வையாளரின் மேஜை நாட்காட்டியில் 18-ஆம் தேதி முதல் 24 வரை கட்டமெல்லாம் நிரம்பிவிடும். ஒரே நாளில் இரண்டு குழுக்கள் வருவதும் உண்டு. காலையில் ஒரு கேக், மாலையில் ஒரு கேக். காலையில் பாடிய பாட்டையே மாலையிலும் கேட்டு முதியவர்கள் கைதட்ட வேண்டும். பெரும்பாலோர் தட்டவும் செய்கிறார்கள். வந்தவர் மனம் நோகக் கூடாது என்ற மரியாதை அந்தத் தலைமுறையினருக்கு அதிகம். ஜனவரி பிறந்ததும் நாட்காட்டியில் வெள்ளைக் கட்டங்கள்.

விடுமுறையில் பிள்ளைகளை முதியோர் இல்லத்துக்கு அழைத்துப் போகும் எண்ணம் நல்லதுதான். ஆனால் அந்த வருகை யாருடைய வசதிக்கு என்ற கேள்வியை ஏற்பாடு செய்கிறவர்கள் முதலில் கேட்டுக்கொள்வதில்லை. பள்ளி எப்போது மூடுகிறது, பஸ் எப்போது கிடைக்கிறது, புகைப்படக்காரருக்கு எந்த நாள் தோது என்பதையெல்லாம் வைத்துத் தேதி குறிக்கப்படுகிறது. இல்லத்தின் கடிகாரம் வேறு. அங்கே விடிவது ஐந்து மணிக்கு முன்பே. குளியல், பிரார்த்தனை, காலை உணவு, மாத்திரை எல்லாம் முடிய ஒன்பதரை ஆகும். பன்னிரண்டரைக்குச் சாப்பாடு, பிறகு உறக்கம். மூன்றரைக்குத் தேநீர். இரவு உணவு ஏழு மணிக்குள். பத்திலிருந்து பதினொன்றரை வரை, அல்லது தேநீருக்குப் பின் ஒரு மணி நேரம். பிள்ளைகளுக்கு இடம் இந்த இரண்டு இடைவெளிகளில்தான். உச்சிவெயிலில் மூன்று பஸ் நிறையப் பிள்ளைகள் வந்து இறங்கினால் உறங்குகிற தொண்ணூறு வயதுக்காரரை எழுப்பி உட்காரவைக்க வேண்டியதாகிறது. அவருக்கு அன்று இரவும் உறக்கம் கெடும்.

எண்ணிக்கையும் அப்படித்தான். அறுபது பிள்ளைகள் வந்தால் அது நிகழ்ச்சி. பதினைந்து பேர் வந்தால் பேச்சு நடக்கும். கும்பநாட்டைப் பொறுத்தவரை இந்த விஷயத்தில் ஊரின் குறையே நிறையாகிவிடுகிறது. அறுபது பேரைத் திரட்டுவது இங்கே எளிதல்ல. பக்கத்து ஊர்ப் பள்ளிகளையும் வேதப்பள்ளியையும் சேர்த்தால்தான் ஒரு பாட்டுக் குழுவே தேறும்.

முன்பெல்லாம் கரோல் குழு டிசம்பர் இரவுகளில் டிரம் அடித்துக்கொண்டு வீடு வீடாகப் போகும். முகமூடி போட்ட கிறிஸ்துமஸ் அப்பூப்பன் முன்னால் ஆடிக்கொண்டு போவார். ‘அப்பூப்பன்’ என்றால் தாத்தா. வீட்டுக்காரர் உறையில் பணம் போட்டுக் கொடுப்பார். வரிசையாகப் பூட்டிய வீடுகள் உள்ள தெருவில் அந்தக் குழு நிற்பதற்கு வாசல் குறைவு. முதியோர் இல்லத்தில் மட்டும் ஒரே கூரையின் கீழ் ஐம்பது அறுபது பேர் காத்திருக்கிறார்கள். கரோல் அங்கே போவதில் ஒரு நியாயம் இருக்கிறது. அந்தத் தெரு வீடுகளின் சொந்தக்காரர்கள் சிலரே அங்கே இருக்கக்கூடும்.

இதைச் சற்று விளக்க வேண்டும். கேரளத்தின் பழைய ஆதரவற்றோர் இல்லங்களின் பெயர்ப்பலகையில் ‘அகதி மந்திரம்’ என்ற சொல்லைக் காணலாம். மலையாளத்தில் அகதி என்றால் கதியற்றவர், ஏழை. கும்பநாட்டு இல்லங்களில் இருப்பவர்களில் பலர் அந்தச் சொல்லுக்குள் அடங்க மாட்டார்கள். சொந்த வீடு இருக்கிறது. வங்கியில் வைப்புத்தொகை இருக்கிறது. இல்லத்துக்கு மாதா மாதம் பணம் கட்டுகிறார்கள். இல்லாதது பக்கத்தில் ஆள். எனவே சேலையும் சோப்புக் கட்டியும் பொட்டலம் கட்டி, வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துப் படம் எடுப்பது அவர்களுக்குப் பெருங்கூச்சம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தன் பழைய மாணவரின் மகன் கையிலிருந்து துண்டு வாங்கும் படம் மறுநாள் பத்திரிகையில் வந்தால் அவருக்கு எப்படி இருக்கும்? ஏற்பாட்டாளர்கள் இதை யோசிப்பது அபூர்வம்.

பிள்ளைகள் பெற்றோரைக் கைவிட்டார்கள் என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிடுவதும் எளிது. மேடையில் பேசும் சிறப்பு விருந்தினர்கள் பெரும்பாலும் அதைத்தான் செய்கிறார்கள், அதுவும் அந்தப் பெற்றோர் எதிரிலேயே. இந்த மண்ணின் கதை அவ்வளவு சுருக்கமல்ல. 1965-ல் அமெரிக்கா குடியேற்றச் சட்டத்தை மாற்றிய பிறகு மத்திய திருவிதாங்கூரின் நர்ஸ்கள் நியூயார்க்குக்கும் சிகாகோவுக்கும் போனார்கள். 1970-களில் வளைகுடாவின் கதவு திறந்தது. பின்னர் பிரிட்டன், அயர்லாந்து, கனடா, ஆஸ்திரேலியா. அவர்களை அனுப்பிவைத்ததே இந்தப் பெற்றோர்தான், பலர் நிலத்தை அடகு வைத்தும்கூட. இப்போது படிப்புக்காகவே போகிறார்கள். கேரள இடப்பெயர்வு ஆய்வின்படி வெளிநாடு சென்ற மாணவர்கள் 2018-ல் சுமார் 1.3 லட்சம். 2023-ல் அது சுமார் 2.5 லட்சம். 2001-க்கும் 2011-க்கும் இடையில் பத்தனம்திட்டா மாவட்டத்தின் மக்கள்தொகை 12.34 லட்சத்திலிருந்து 11.97 லட்சமாகக் குறைந்தது. 2011 கணக்கெடுப்பில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் நாடு முழுவதற்கும் 8.6 சதவீதம், தமிழ்நாட்டில் 10.4, கேரளத்தில் 12.6. இந்த ஊர்ப் பெண் டப்ளினில் வேறொருவருடைய தாயைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறாள். அவளுடைய தாயை இங்கே வேறு ஊரிலிருந்து வந்த ஒரு பெண் குளிப்பாட்டுகிறாள். இதில் யார் யாரைக் கைவிட்டார்கள் என்று சொல்லச் சிறப்பு விருந்தினருக்குப் பத்து நிமிடம் போதாது.

வருகிற பிள்ளைகளும் இந்தக் கேள்வியோடுதான் வருகிறார்கள்: இவர்கள் ஏன் இங்கே இருக்கிறார்கள்? விவரம் தெரிந்த ஆசிரியை முந்தைய நாளே வகுப்பில் இதைப் பேசிவிடுவார். மகன் மகள் தூரத்தில் இருக்கிறார்கள், இங்கே கவனிக்க ஆள் உண்டு என்ற அளவில் பதில் போதும். அதைவிட முக்கியமாகச் சொல்ல வேண்டியவை வேறு. சிலருக்குக் காது கேட்காது, எதிரில் போய் முகம் தெரிய நின்று மெதுவாகப் பேச வேண்டும். சிலர் உன்னைத் தங்கள் பேரன் என்று நினைத்து வேறு பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், திருத்த வேண்டியதில்லை. ஒருவர் அழலாம், பயப்படாதே. ஒருவர் கண்ணை மூடிக்கொண்டே இருக்கலாம், அதற்காகப் பாட்டை நிறுத்தாதே. மூத்திர வாடை அடித்தால் மூக்கைப் பொத்தாதே. சளி, காய்ச்சல் இருக்கிற பிள்ளை வீட்டிலேயே இருக்கட்டும். இந்தக் கடைசி விதி கோவிட் காலத்தில் எல்லோருக்கும் புரிந்தது. அந்த நாட்களில் கேரளம் முதியவர்களைத் தனித்து வைத்துக் காப்பாற்ற முயன்றது. இல்லங்களின் கதவுகள் உறவினர்களுக்கே அடைக்கப்பட்டிருந்தன.

முகமூடி விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். ரப்பர் முகமும் பஞ்சுத் தாடியுமாக அப்பூப்பன் ஆடிக்கொண்டு கட்டில் அருகே வருவது நினைவு தடுமாறியவர்களுக்கு வேடிக்கை அல்ல, திகில். வாசல் வரை ஆடிவிட்டு, உள்ளே வரும்போது முகமூடியைக் கழற்றிக்கொள்வது நல்லது. டிரம்முக்கும் அதே ஏற்பாடு.

அப்புறம் கேக். கேரளத்தில் கிறிஸ்துமஸ் என்றால் பிளம் கேக் இல்லாமல் முடியாது. ஆனால் இல்லத்துச் சமையலறையில் கேட்டால், பாதிப் பேருக்கு மேல் சர்க்கரை என்பார்கள். சிலருக்கு விழுங்குவதே சிரமம். உலர்ந்த கேக் துண்டு தொண்டையில் சிக்கினால் கொண்டாட்டம் ஆஸ்பத்திரியில் முடியும். ஆனாலும் கேக்கை முழுவதுமாக விலக்கச் சொல்லும் செவிலியர் குறைவு. விரல் நுனி அளவு, தேநீரில் தோய்த்து. அந்த ருசிக்காகத்தான் சிலர் நவம்பரிலிருந்து காத்திருக்கிறார்கள். பரிசாக எதைக் கொண்டுவருவது என்று முன்கூட்டியே கேட்கும் குழுவுக்குக் கிடைக்கும் பட்டியல் எளிமையானது: பெரியவர்களுக்கான டயபர், வலித் தைலம், நகவெட்டி, தோர்த்து, வழுக்காத செருப்பு. இவற்றை அலுவலகத்தில் கொடுத்தால் போதும். கையில் கொடுத்துப் படம் எடுக்க வேண்டாம்.

பாட்டு எப்போதும் பலிக்கிறது. ஆங்கிலவழிப் பள்ளிப் பிள்ளைகள் ஆங்கிலக் கரோல்களைத்தான் பயிற்சி செய்து வருகிறார்கள். முதியவர்கள் புன்னகையோடு கேட்கிறார்கள். இடையில் யாராவது ஒரு பழைய மலையாளக் கீர்த்தனத்தைத் தொடங்கிவிட்டால் அறையின் நிலைமை மாறிவிடும். இரண்டாவது வரி பிள்ளைகளுக்குத் தெரியாது. கட்டிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். தன் மகளின் பெயர் மறந்துபோனவருக்கும் நான்கு சரணமும் வரிசை பிசகாமல் வரும். அந்த இடத்தில் நிகழ்ச்சி கைமாறுகிறது. கேட்க வந்தவர்கள் யார், பாட வந்தவர்கள் யார் என்பது குழம்பிப்போகிறது. கிறிஸ்துமஸ் என்றாலும் இல்லத்தில் இந்துக்களும் உண்டு. கீர்த்தனம் முடிந்ததும் ஓர் அம்மூம்மா தன் பங்குக்கு நாமஜெபத்தைத் தொடங்கினால் அதையும் யாரும் தடுப்பதில்லை.

பாட்டு முடிந்து, பிள்ளைகள் இரண்டிரண்டு பேராகக் கட்டில்களை நோக்கிப் போகும்போதுதான் வருகையின் சாரமான பகுதி வருகிறது. ‘அம்மச்சி’, ‘அப்பச்சா’ என்று கூப்பிடப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அடுத்து என்ன பேசுவது என்பதுதான் தெரியாது. முதியவர்களுக்குத் தெரியும். பெயரைக் கேட்பதற்கு முன்பே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “மோளே, ஏது வீட்டிலேயா?” நீ எந்த வீட்டுப் பெண்? இந்தப் பகுதியில் ஆளுக்கு அடையாளம் வீட்டுப் பெயர். அது தெரிந்தால் தாத்தா தெரியும், நிலம் தெரியும், எந்தத் தேவாலயம் என்று தெரியும், 1950-களில் நடந்த ஒரு வரப்புச் சண்டைகூட நினைவுக்கு வரும். பிள்ளைகள் பலருக்கு வீட்டுப் பெயர் பள்ளிப் பதிவேட்டில் உள்ள ஒரு சொல் மட்டுமே. தயங்கிச் சொல்கிறார்கள். கிழவியின் முகம் மலர்கிறது. அந்த வீட்டுக்கு அவர் பெண் பார்க்கப் போயிருக்கிறார். அல்லது அந்த வீட்டுக் கிணற்றில் தண்ணீர் எடுத்திருக்கிறார். தன் வீட்டில் ஒரு கிணறு இருந்ததே அந்தப் பிள்ளைக்கு அப்போதுதான் தெரியும்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படி ஒரு பதில் இருக்காது. கேரளத்தின் பல அரசுப் பள்ளிகளில் இன்று வங்காளம், அசாம், ஒடிசா, தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்களின் பிள்ளைகள் படிக்கிறார்கள். பிள்ளைகள் குறைந்துபோன பள்ளிகள் மூடப்படாமல் இருப்பதில் அவர்களுக்கும் பங்குண்டு. வீட்டுப் பெயரைக் கேட்டால் அந்தச் சிறுமி மால்டா என்றோ தென்காசி என்றோதான் சொல்ல முடியும். கிழவிக்கு அது பிடிபடச் சற்று நேரம் ஆகிறது. அவ்வளவு தூரத்திலிருந்தா, அம்மா கூட இருக்கிறாளா, என்ன சாப்பிட்டாய் என்று பேச்சு வேறு பக்கம் போகிறது. தன் பேரப்பிள்ளைகளையும் அயர்லாந்தில் யாரோ இப்படித்தான் விசாரிப்பார்கள் என்று அவர் நினைத்துக்கொள்கிறாரோ என்னவோ.

தூண்டிவிட வேறு வழிகளும் உண்டு. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தைப் பற்றிக் கேட்கச் சொல்லலாம். பம்பை பெருகி ராந்நி, கோழஞ்சேரி, ஆறன்முளை, செங்கன்னூர் எல்லாம் நீரில் நின்ற நாட்கள் அவை. பெரிய வீடுகளில் தனியாக இருந்த முதியவர்கள் மாடியில் ஏறிக்கொண்டு படகுக்குக் காத்திருந்தார்கள். இன்று ஐந்தாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு அந்த வெள்ளம் கதை. மாராமண் கன்வென்ஷனுக்கு ஆற்று மணலில் பந்தல் போடும் காலத்தைக் கேட்கலாம், ஆறன்முளை வள்ளங்களைக் கேட்கலாம். ‘பாட்டிக்கு என்ன வேண்டும்’ என்று கேட்டால் ‘ஒன்றும் வேண்டாம்’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ‘நீங்கள் பள்ளிக்கு எப்படிப் போனீர்கள்’ என்று கேட்டால் முடிவதற்குள் ஆட்டோ வந்துவிடும்.

இனி தேதி. டிசம்பர் 22, 23 வாக்கில் நெடும்பாசேரி விமான நிலையத்திலிருந்து டாக்சிகள் இந்தச் சாலைக்குத் திரும்பும். பூட்டிய கேட்டுகள் சில திறக்கும். சருகு கூட்டப்படும். மாடி ஜன்னலில் காகித நட்சத்திரம் எரியும். முற்றத்தில் புல்கூடு, அதாவது குடில், எழும்பும். இல்லத்திலிருந்து சில அம்மச்சிகளையும் அப்பச்சன்களையும் மகன்கள் நான்கு நாள் வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். அப்பம், ஸ்டூ, தாரா இறைச்சி, ஆங்கிலம் மட்டுமே பேசும் பேரப்பிள்ளைகள். புத்தாண்டு கழிந்ததும் டாக்சி முதலில் இல்லத்தின் வாசலில் நிற்கும், பிறகு விமான நிலையத்துக்குப் போகும்.

இல்லங்களை அறிந்தவர்கள், கூட்டிச் செல்ல யாரும் வராதவர்களின் டிசம்பரைவிட, கூட்டிச் சென்று திரும்பக் கொண்டுவிடப்பட்டவர்களின் ஜனவரி முதல் வாரம் கடினம் என்பார்கள். சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிடுகிறார்கள். பெட்டியைப் பிரித்து அடுக்க மனம் வருவதில்லை. டிசம்பர் 20-க்குக் கேட்டு இடம் கிடைக்காத பள்ளிக்கு ஒரு யோசனை சொல்லும் மேற்பார்வையாளர்கள் உண்டு: ஜனவரி முதல் சனிக்கிழமை வாருங்கள். அதற்குள் பள்ளி திறந்திருக்கும், விடுமுறைக் களை போயிருக்கும், பத்திரிகைக்கும் அது செய்தியல்ல. டிரம் வேண்டாம், பதினைந்து பேர் போதும். பாடுவதற்குக் கரோல்தான் இருக்கிறது என்றால் அதையே பாடுங்கள், நட்சத்திரத்தை இன்னும் கழற்றவில்லை.

அப்படி வருகிற பிள்ளைகளில் சிலர் மறுமாதமும் வருகிறார்கள். அதற்குள் ஒரு கட்டில் காலியாகியிருக்கலாம். வேறு ஒருவர் அங்கே வந்திருப்பார். காத்திருப்போர் பட்டியல் நீளமானது. போன முறை கிணற்றைப் பற்றிக் கேட்ட பெண் அந்தக் கட்டிலருகே போய்ச் சற்று நிற்கிறாள். புதிதாக வந்தவர் தலையைத் திருப்பி, அவள் எந்த வீட்டுப் பெண் என்று கேட்கிறார்.